ஓடாத காருக்கு ராயல்டி

அன்புள்ள ஐயா,

பழைய காப்புரிமைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் அமெரிக்காவின் ஜார்ஜ் செல்டனை, 'கார் செய்து விற்காமலே காருக்குக் காப்புரிமை வாங்கிய வக்கீல்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை செய்கிறேன். அந்த ஒரு வரி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால் இணையத்தில் அந்தக் காப்புரிமையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். படத்தில் குதிரை கழற்றிய வண்டி மாதிரி ஏதோ இருக்கிறது, முன் சக்கரத்துக்கு மேலே ஒரு இன்ஜின். இதை வைத்துக்கொண்டு அத்தனை கம்பெனிகளிடமும் பணம் வசூலித்தார் என்றால், காப்புரிமை அலுவலகத்தில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? உழைத்தது யாரோ, நோகாமல் நுங்கு தின்றது இவர் என்பதுதானே கதை? ஹென்றி ஃபோர்டு எதிர்த்து நிற்காமல் இருந்திருந்தால் கார் தொழிலே முடங்கியிருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். ரைட் சகோதரர்களும் விமானத்தில் இதே வேலையைத்தான் செய்தார்கள் என்கிறார் என் நண்பர். கொஞ்சம் விரிவாக எழுத முடியுமா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

நுங்கு விஷயத்தில் உங்களோடு பாதிதான் ஒத்துப்போவேன். மரம் ஏறியதும் செல்டன்தான். ஏறியது 1878இல், தின்ன ஆரம்பித்தது 1899இல் என்பதுதான் சங்கடம்.

செல்டன் நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் காப்புரிமை வக்கீலாக இருந்தவர். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜார்ஜ் பிரேட்டன் என்பவரின் எண்ணெய் இன்ஜின் வைக்கப்பட்டிருந்தது. நல்ல இன்ஜின், ஆனால் ஓர் இடத்தில் உட்கார வைத்து ஓட்டுவதற்கான எடை. இதை இளைக்க வைத்தால் சாலையில் ஓடும் வண்டிக்குப் பூட்டலாம் என்று செல்டனுக்குத் தோன்றியது. ராச்செஸ்டரில் ஒரு மெஷினிஸ்ட்டைப் பிடித்து, மூன்று சிலிண்டர் இன்ஜின் ஒன்றுக்கு வடிவம் கொடுத்து, அதில் ஒரு சிலிண்டரை மட்டும் 1878இல் ஓட்டிப் பார்த்தார். எடை 370 பவுண்டு, அதாவது சுமார் 168 கிலோ. பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்ட்டை மூடிய உறைக்குள் வைத்தது அவருடைய வேலை. பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னால் இவ்வளவையும் யோசித்த ஆளை வெறும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் போட ஆள் கிடைக்காததால் வண்டியாகச் செய்து முடிக்கவில்லை.

1879 மே 8ஆம் தேதி விண்ணப்பம் போட்டார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட உள்ளூர் வங்கி ஊழியரின் பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். ஆமாம், பின்னாளில் கோடக் கேமராவைக் கொண்டுவந்த அதே ஈஸ்ட்மன்தான்.

இனிமேல்தான் உங்கள் கோபத்துக்கு நியாயம் வருகிறது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் இரண்டு விதிகள் இருந்தன. காப்புரிமை அலுவலகம் ஒரு ஆட்சேபம் எழுப்பினால், பதில் சொல்ல விண்ணப்பதாரருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு, அதுவும் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து அல்ல, வழங்கிய நாளிலிருந்து. இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 1881இல் கையில் வாங்கியிருந்தால் 1898இல் காலாவதி, கார் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் கையில் வெறும் காகிதம் மிஞ்சியிருக்கும். செல்டனுக்கு இது தெரியாதா? பிழைப்பே அதுதான். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் அவகாசம் முடியப்போகிற சமயத்தில் ஒரு திருத்தம் அனுப்புவார். அலுவலகம் அதைப் பார்த்து இன்னொரு கேள்வி கேட்கும். மறுபடி இரண்டு ஆண்டு. இப்படியே 16 ஆண்டுகள் ஓட்டினார். இடையில் ஜெர்மனியில் பென்ஸ் வந்துவிட்டார், அமெரிக்காவிலேயே துரியா சகோதரர்கள் 1893இல் வண்டி ஓட்டிவிட்டார்கள். 1895 நவம்பர் 5ஆம் தேதி செல்டன் காப்புரிமையை வாங்கிக்கொண்டார். எண் 5,49,160. ஆயுள் 1912 வரை.

அலுவலகத்தில் இருந்தவர்கள் தூங்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், இவர் கெடு தாண்டாமல் பதில் சொன்னார். சீக்கிரம் பதில் சொல் என்று அதட்ட அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1897இல் அந்த இரண்டு ஆண்டை ஓர் ஆண்டாகக் குறைத்தார்கள். இன்றைக்கு அமெரிக்காவிலும் சரி, நம் நாட்டிலும் சரி, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 ஆண்டு என்றுதான் கணக்கு. எனவே தாமதித்தால் நஷ்டம் தாமதிப்பவருக்கே.

சரி, நீங்கள் பார்த்த படத்துக்கு வருவோம். காப்புரிமையில் படம் என்பது விளக்கத்துக்குத்தான். வேலி போடுவது கடைசியில் வருகிற க்ளெய்ம்கள், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள். செல்டனின் முதல் க்ளெய்மை நம் மொழியில் பிரித்துச் சொன்னால் இப்படி இருக்கும்: ஓட்டும் சக்கரமும் ஸ்டியரிங்கும் உள்ள ஒரு சாலை வண்டி, அதில் திரவ எரிபொருளில் ஓடும், 'கம்ப்ரெஷன் வகை' இன்ஜின், அதற்கு ஒன்றோ பலவோ சிலிண்டர்கள், எரிபொருள் வைக்க ஒரு தொட்டி, சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றும் ஒரு ஷாஃப்ட், நடுவில் கழற்றிவிட ஒரு கிளட்ச், ஆளோ சரக்கோ ஏற்ற ஒரு பாடி. அவ்வளவுதான். இதில் ஒரு உருப்படிகூட தனியாக அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்த கூட்டணிக்குத்தான் உரிமை கேட்டார். பெட்ரோல் காரை இந்தப் பட்டியலுக்குள் சிக்காமல் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு டூல் ரூம்காரருக்கு நல்ல வீட்டுப்பாடம்.

1899இல் இந்தக் காப்புரிமை எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனியின் கைக்குப் போனது. பேட்டரி டாக்சி விடுகிற கம்பெனி, பெட்ரோல் காரின் காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டது! முதலில் கிளீவ்லாந்தின் விண்டன் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். 1903இல் பெரிய கம்பெனிகள், சண்டை போடுவதைவிடச் சேர்ந்துகொள்வதே லாபம் என்று முடிவெடுத்து ஒரு சங்கம் அமைத்தன. ஒவ்வொரு காரின் விலையிலும் 1.25 சதவீதம் ராயல்டி. அதில் ஒரு பங்கு செல்டனுக்கு. உரிமம் பெற்ற கார்களில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு பதித்திருக்கும். மற்றவர்களின் காரை வாங்குகிறவர்களுக்குச் சங்கம் கொடுத்த விளம்பர எச்சரிக்கை: காரோடு சேர்த்து ஒரு வழக்கையும் வாங்காதீர்கள்.

ஃபோர்டு இந்தச் சங்கத்தை முதல் நாளிலிருந்தே எதிர்த்தார் என்று வீடியோக்களில் சொல்வார்கள். உண்மையில் சேர முடியுமா என்று முதலில் விசாரித்தவரே அவர்தான். பாகங்களை வெளியில் வாங்கிப் பூட்டுகிற கம்பெனி என்று சொல்லித் தட்டிக் கழித்தார்கள். அதற்கப்புறம்தான் கொள்கைப் போராட்டம். 1903 அக்டோபரில் அவர் மேல் வழக்கு வந்தது.

வழக்கு எட்டு ஆண்டு இழுத்தது. செல்டன் தரப்பு, காப்புரிமையில் உள்ளபடி வண்டி ஓடும் என்று நிரூபிக்க, அந்த வடிவமைப்பில் இரண்டு கார்களைச் செய்தார்கள். ஒன்றின் பக்கவாட்டில் '1877' என்று பெரிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஏதோ அந்த ஆண்டே ஓடியது போல. 1907இல் ஓட்டிக் காட்டியபோது வண்டி நின்று நின்று, திணறித் திணறித்தான் நகர்ந்தது. ஃபோர்டு தரப்பும் சும்மா இருக்கவில்லை. 1860இல் லெனுவார் செய்த இன்ஜினின் மாதிரியை வைத்து ஒரு காரைச் செய்து, செல்டனுக்கு முன்பே இது சாத்தியம்தான் என்று காட்டப் பார்த்தார்கள். இதற்கு நடுவே காப்புரிமையைக் கையில் வைத்திருந்த எலெக்ட்ரிக் கம்பெனியே 1907 கடைசியில் நொடித்துப்போனது வேறு கதை.

1909 செப்டம்பரில் நீதிபதி ஹஃப் செல்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். இது முன்னோடிக் காப்புரிமை, ஆகவே க்ளெய்மை விரிவாகத்தான் படிக்க வேண்டும் என்றார். அதுவரை வெளியே நின்ற பல கம்பெனிகள் ஓடிவந்து பணம் கட்டின, ஜெனரல் மோட்டார்ஸ் உட்பட. ஃபோர்டு அப்பீலுக்குப் போனார். தன் காரை வாங்குகிறவருக்கு வழக்கினால் நஷ்டம் வந்தால் ஈடு செய்வதாகப் பத்திரம் தருகிறேன் என்று விளம்பரமும் கொடுத்தார். துணிச்சல்தான், மறுக்கவில்லை.

1911 ஜனவரியில் அப்பீல் தீர்ப்பு வந்தது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு இன்ஜின்களையும் திறந்து பார்க்க வேண்டும். பிரேட்டன் இன்ஜினில் அமுக்குகிற வேலையைத் தனியாக ஒரு பம்ப் செய்யும். அமுக்கியதை ஒரு தொட்டியில் சேர்த்து வைத்து, அங்கிருந்து வேலை செய்கிற சிலிண்டருக்குள் விடுவார்கள். பிஸ்டன் இறங்க இறங்க உள்ளே வந்தபடியே எரிந்துகொண்டிருக்கும். வெடிப்பு கிடையாது. பிஸ்டன் மேல் அழுத்தம் ஏறக்குறைய சீராக, கிட்டத்தட்ட நீராவி இன்ஜின் போலவே இருக்கும். ஜெர்மனியின் ஓட்டோ என்பவர் செய்த இன்ஜின் வேறு ஜாதி. அதே சிலிண்டருக்குள் கலவையை இழுத்து, அங்கேயே அமுக்கி, பொறி வைத்தவுடன் மொத்தமும் ஒரே வீச்சில் எரியும். அழுத்தம் சட்டென்று ஏறி, பிஸ்டனைத் தள்ளிவிட்டு இறங்கும். இன்றைக்கு நம் பைக்கில் இருப்பது இந்த வகை. செல்டன் படம் வரைந்து விளக்கியது பிரேட்டன் வகை. ஃபோர்டு மட்டுமல்ல, அன்று பெட்ரோல் கார் விற்ற கம்பெனிகள் எல்லாம் பயன்படுத்தியது ஓட்டோ வகை. இரண்டிலும் அமுக்கல் இருக்கிறதே, 'கம்ப்ரெஷன் வகை' என்றால் இரண்டும் அடங்குமே என்பது செல்டன் தரப்பு வாதம். அப்பீல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காப்புரிமை செல்லும், ஆனால் அது பிரேட்டன் வகை இன்ஜின் பூட்டிய வண்டிக்கு மட்டுமே. ஃபோர்டு அதை மீறவில்லை. செல்டன் தேர்ந்தெடுத்தது தவறான இன்ஜின். ஓட்டோவைத் தேர்ந்தெடுத்திருந்தால் கார் முழுவதும் அவருடையது என்ற கருத்தில் நீதிபதி நோய்ஸ் எழுதினார்.

செல்டனின் காப்புரிமையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். இல்லை, செல்லும் என்றுதான் தீர்ப்பு. யாரும் செய்யாத காருக்கு அது செல்லும். பதினாறு ஆண்டு திருத்தித் திருத்தி எழுதிய வக்கீலுக்கு அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. ஆயுள் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகூட முழுதாகப் பாக்கி இல்லாததால், செல்டன் தரப்பு மேல்முறையீட்டுக்கு மெனக்கெடவும் இல்லை.

ஃபோர்டு இல்லாவிட்டால் தொழில் முடங்கியிருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரம் டாலர் காருக்கு 1.25 சதவீதம் என்றால் பன்னிரண்டரை டாலர். எரிச்சல் தரும் தொகைதான், கழுத்தை நெரிக்கும் தொகை இல்லை. ஃபோர்டு மாடல் டி காரை 1908இல் கொண்டுவந்ததே வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான். ஆனால் யார் கார் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு சங்கத்தின் கையில் இருந்தது, அது ஆபத்து. பணத்தைவிட அதைத்தான் நான் பெரிய தப்பாகப் பார்க்கிறேன்.

அதே சங்கம் உங்கள் டூல் ரூமுக்கு ஒன்றை விட்டுப்போயிருக்கிறது. அவர்களுடைய இயந்திரப் பிரிவு 1906இல் கார்களுக்கான ஸ்க்ரூ த்ரெட் அளவுகளை வகுத்தது. கால் அங்குல விட்டமுள்ள ஸ்க்ரூவுக்கு ஓர் அங்குல நீளத்தில் 28 மரை, அரை அங்குல விட்டத்துக்கு 20 மரை. பிறகு எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் அதை எடுத்துக்கொண்டது, அங்கிருந்துதான் இன்றைய யு.என்.எஃப். என்ற நுண்மரை அளவு வந்தது. உங்கள் பெட்டியில் யு.என்.எஃப். டேப் இருந்தால் அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். செல்டன் ராயல்டியில் வளர்ந்த குழந்தை அது.

ரைட் சகோதரர்களைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. வழக்கு மேல் வழக்குப் போட்டார்கள், கர்ட்டிஸ் போன்ற மற்ற விமானத் தயாரிப்பாளர்களை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், கடைசியில் 1917இல் போர் வந்து அமெரிக்க அரசு நெருக்கித்தான் எல்லோர் காப்புரிமைகளும் ஒரே பொதுக் குளத்துக்கு வந்தன. ஆனால் செல்டனோடு அவர்களைச் சேர்க்க மாட்டேன். அவர்கள் விண்ணப்பம் போட்டது 1903 மார்ச்சில், இன்ஜின் வைத்துப் பறப்பதற்கு ஒன்பது மாதம் முன்னால். கிட்டி ஹாக் கடற்கரை மணலில் கிளைடரில், அதாவது இன்ஜின் இல்லாத விமானத்தில், விழுந்து எழுந்து கற்றதைத்தான் எழுதினார்கள்: பக்கவாட்டில் சாயும் விமானத்தை இறக்கையின் ஓரங்களை முறுக்கி நிமிர்த்துவது எப்படி என்று. முதலில் தாங்களே எழுதி அனுப்பியதை அலுவலகம் திருப்பிவிட்டது. பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் டூல்மின் என்ற வக்கீலைப் பிடித்தார்கள். அவர் இறக்கையை முறுக்குவது என்று மட்டும் எழுதாமல், ஓரப் பகுதிகளின் கோணத்தை மாற்றுவது என்று அகலமாக எழுதினார். 1906இல் காப்புரிமை வந்தது. கர்ட்டிஸ் இறக்கையை முறுக்காமல் தனிப் பலகைகளை வைத்துப் பார்த்தும் தப்ப முடியாமல் போனதற்குக் காரணம் அந்த எழுத்துதான். 1914இல் அப்பீல் நீதிமன்றமும் ரைட் பக்கமே நின்றது. அவர்கள் வரைந்த வேலிக்குள் இருந்தது அவர்களே உழுத நிலம். என்றாலும் அவ்வளவு ஆண்டுகள் வழக்கில் செலவழித்தது வீண் என்பது என் எண்ணம். இன்னும் இரண்டு நல்ல விமானம் செய்திருக்கலாம்.

செல்டனுடையதை எடுத்த அதே இடத்தில் 8,21,393 என்ற எண்ணைப் போட்டால் ரைட் காப்புரிமை வரும். படத்தைப் பிறகு பார்க்கலாம். நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போய் முதல் க்ளெய்மைப் படியுங்கள். அதில் இன்ஜின் இருக்காது. ஏன் இல்லை, இருந்திருந்தால் கர்ட்டிஸுக்கு லாபமா நஷ்டமா என்று யோசித்து எழுதுங்கள், அடுத்த கடிதத்தில் பேசலாம்.