புனேயில் வழக்கு, மதுரையில் நான்: செலவு யார் தலையில்?

கேள்வி: கணவர் புனேயில் ஐ.டி. வேலையில் இருக்கிறார். நானும் மகளும் மதுரையில் என் அம்மா வீட்டில் இருக்கிறோம். அவர் ஒரு பைசா அனுப்புவதில்லை. இப்போது புனே குடும்ப நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து சம்மன் வந்திருக்கிறது. ஜீவனாம்சம் கேட்பதென்றாலும் அங்கேதான் போக வேண்டும் என்கிறார் மாமா. வக்கீல் ஃபீஸ், ரயில் செலவெல்லாம் யார் கொடுப்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: மாமா சொன்னது பாதிதான் சரி, சகோதரி. விவாகரத்து வழக்கு புனேயில் நடக்கிறது. அந்த சம்மனை அலட்சியம் செய்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். ஆனால் ஜீவனாம்ச மனுவை நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே போடலாம். 2024 ஜூலை முதல் அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவு. கோர்ட் வாசலில் இன்னும் பழைய சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '125 கேஸ்' என்றுதான் சொல்வார்கள். அப்புறம் அவர்தான் இங்கே ரயிலேற வேண்டும்.

இனி செலவு. இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் கணவரிடமிருந்து வாங்கித் தர அந்தப் பிரிவே வழி செய்கிறது. புனே வழக்குக்கு, இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் அங்கேயே தனி மனு போடுங்கள். இந்த இரண்டு இடைக்கால மனுக்களையும், நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தா வாங்கி இழுக்கத்தான் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

பலரும் கோட்டை விடுவது ஒரு இடத்தில்தான். மாதாமாதம் இவ்வளவு வேண்டும் என்று எழுதிவிட்டு, 'செலவுத் தொகையும் வேண்டும்' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, ஒரு வாய்தாவுக்குப் போய்வர டிக்கெட் எவ்வளவு, தங்க எவ்வளவு, துணைக்கு வரும் அப்பாவுக்கு எவ்வளவு என்று தொகை போட்டுக் கேளுங்கள். ரசீதுகளை ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவருமே சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அவருடைய சம்பளம் அதில் வெளிவரும். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நம்பிக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

பணம் வரும்வரை? பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மதுரை, புனே இரண்டு ஊரிலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100-க்கு போன் செய்து விசாரிக்கலாம். புனே வழக்கையே மதுரைக்கு மாற்றக் கேட்பதென்றால் உச்ச நீதிமன்றம்தான் போக வேண்டும். அங்கேயும் இலவச வக்கீல் கிடைப்பார்.

உத்தரவின் நகலை உங்களுக்குக் காசு வாங்காமல் தர வேண்டும். அவர் கட்டாவிட்டால், அவர் இருக்கும் ஊர் மாஜிஸ்திரேட் மூலமே வசூலிக்கலாம். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் அந்த மாதத்துப் பாக்கிக்கு வாரண்ட் கிடைக்காது.