தரையில் கீறிய வாசல்

அன்புள்ள தம்பி,

மகளைப் பார்க்க லண்டன் போயிருந்தேன். டேட் மொடர்ன் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். பெரிய மண்டபம், தரை நீளத்துக்கும் வெடிப்பொன்றைச் சீமெந்தால் அடைத்த கோடு. "இதுவும் ஒருகாலம் சிற்பம்தான் அம்மா" என்றாள். எனக்குத் தெரிந்த சிற்பம் கோயில் வாசலில் நிற்கிற துவாரபாலகர்தான். வெடிப்பு எப்படித் தம்பி சிற்பமாகும்?

ஆரையம்பதியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அக்கா,

துவாரபாலகரை நீங்களே கூட்டிவந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்த வெடிப்பும் வாசற்காவல் பற்றியதுதான்.

2007இல் கொலம்பியச் சிற்பி டோரிஸ் சல்செடோ செய்தது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். நுழைகிற பக்கம் மயிரிழையாகத் தொடங்கி, உள்ளே போகப் போக அகன்று, 167 மீற்றர் ஓடியது. கால் இடறி விழுந்தவர்களும் உண்டு. குனிந்து பார்த்தால் வெடிப்பின் சுவருக்குள் கம்பிவலை, வேலி அடைக்கிற அதே வலை. (மட்டக்களப்பாருக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம்.) அடுத்த ஆண்டு அடைத்துவிட்டார்கள். நீங்கள் பார்த்தது தழும்பு.

பெயர் 'ஷிபோலேத்'. விவிலியத்தில் வருகிறது: யோர்தான் ஆற்றுத்துறையை மறித்து நின்றவர்கள், கடக்க வந்தவனிடம் இந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். எதிரிக் குலமான எப்பிராயீம் ஆட்களுக்கு 'ஷி' வராது. 'சிபோலேத்' என்றவனை அங்கேயே வெட்டினார்கள்.

அந்த மண்டபத்துக்குள் போகக் காசு கேட்பதில்லை. வாசல் அகலத் திறந்திருக்கும். ஆனால் லண்டனுக்கு விசா எடுக்க எத்தனை தாள் நிரப்பினீர்கள் அக்கா? துவாரபாலகரின் கதாயுதத்துக்கா நாம் பயப்படுகிறோம்? 'நீ யார்' என்று கேட்கிற அந்தக் கண்ணுக்குத்தான். சல்செடோ ஆளைச் செதுக்கவில்லை, கேள்வியை மட்டும் தரையில் கீறிவிட்டார்.

எனக்கு உடனே 1983 ஆடிக் கலவரம் ஞாபகம் வந்தது. தெருவில் மறித்தவர்கள், வாளிக்குச் சிங்களத்தில் உள்ள சொல்லைச் சொல்லச் சொன்னார்கள்: 'பால்திய'. முதல் எழுத்திலேயே தமிழ் நாக்கு பிடிபட்டுவிடும். இதைத் தட்டும்போதுதான் கவனிக்கிறேன், 'படலை'யில் வருகிற ப-வுக்கும் அந்தச் சொல்லின் ப-வுக்கும் நம்மிடம் ஒரே எழுத்துத்தான். எந்தப் ப-வில் உயிர் தப்பியது என்று உங்களுக்கு எழுதிக்காட்ட வழியில்லை. போன் எடுங்கள், சொல்லிக்காட்டுகிறேன்.