ஃபைலை மூடாத கிழவர்கள்

கேள்வி: ரிட்டயரான துப்பறியும் அதிகாரி எழுபது வயதில் திரும்பி வந்து பழைய கொலையைக் கண்டுபிடிப்பதாக வரிசையாகத் தொடர்கள் வருகின்றன. காடு வா வா என்கிற வயதில் இது நடக்கிற காரியமா? இளம் அதிகாரிகளால் முடியாததை இவர்கள் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?

பதில்: நடக்கிற காரியம்தான். 'என்ன கிழித்துவிடப் போகிறார்கள்' என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

1957 பிப்ரவரி. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் ஃபாக்ஸ் சேஸ் பகுதியில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது, குழந்தைத் தொட்டில் வாங்கினால் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் பெட்டி. உள்ளே கட்டம்போட்ட போர்வையில் சுற்றி வைத்திருந்தது நாலு வயதுப் பையனின் உடல். அடித்தே கொன்றிருக்கிறார்கள். தலைமுடியையும் கன்னாபின்னாவென்று வெட்டியிருந்தார்கள். அவன் படம் போட்ட நோட்டீஸ் லட்சக்கணக்கில் அச்சாகி எரிவாயு பில்லோடு வீடு வீடாகப் போனது, 'எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று ஒருவர் வரவில்லை. அநாதைப் பிணங்களைப் புதைக்கிற இடத்தில் புதைத்தார்கள், கல் நடுவதற்கு விசாரித்த போலீஸ்காரர்களே கைக்காசு போட்டார்கள்.

பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் புலனாய்வாளராக இருந்த ரெமிங்டன் பிரிஸ்டோ இந்தப் பையனை விடவே இல்லை. செத்த முகத்தை அச்செடுத்த பிளாஸ்டர் வார்ப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார், ரிட்டயரான பிறகும் சொந்தக் காசில். ஒரு வளர்ப்பு இல்லத்தின் மேல் அவருக்குச் சந்தேகம், அதைக் கடைசிவரை விடவில்லை, அது எங்கேயும் போய்ச் சேரவும் இல்லை. 1993-ல் பையனின் பெயர் தெரியாமலே இறந்துபோனார். தோற்றுவிட்டார் என்பீர்கள். சரி, மேலே கேளுங்கள்.

1990-ல் அதே ஊரில் விடாக் சொசைட்டி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ரிட்டயரான போலீஸ், எஃப்.பி.ஐ. ஆட்கள், தடயவியல்காரர்கள் எல்லாம் மாதம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள், தீராத வழக்கு ஒன்றை எடுத்துப் பேசுவார்கள், கூலி எதுவும் கிடையாது. வில்லியம் கெல்லி என்ற கைரேகை நிபுணர் அந்தக் காலத்திலேயே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, அங்கே பிறந்த குழந்தைகளின் பாதரேகைப் பதிவுகளை எடுத்து இவன் பாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர். அவரும் வயதான காலத்தில் இந்தச் சங்கத்தின் வழியாக அதே பையனிடம் திரும்பி வந்தார். 1998-ல் உடலைத் தோண்டியெடுத்துப் பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார்கள், அன்றைய தொழில்நுட்பத்துக்கு அது போதவில்லை. ஐவி ஹில் கல்லறைத் தோட்டத்தில் மரியாதையாகப் புதைத்தார்கள். 2019-ல் மறுபடி தோண்டினார்கள். இந்தமுறை டி.என்.ஏ.வை வைத்து வம்சாவளி தேடுகிறவர்கள் சொந்தக்காரர்களைப் பிடித்துவிட்டார்கள். 2022 டிசம்பர் 8-ஆம் தேதி போலீஸ் பெயரை அறிவித்தது: ஜோசப் அகஸ்டஸ் சரெல்லி.

இதில் கிழவர்களுக்கு என்ன வேலை, விஞ்ஞானம்தானே கண்டுபிடித்தது என்று கேட்கலாம். விஞ்ஞானம் வந்து சேர 65 வருஷம் ஆயிற்றே, அதுவரை அந்தப் பையனை மறக்காமல் வைத்திருந்தது யார்? இளம் அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை, அவர்கள் மேஜையில் தினமும் காலையில் ஒரு புதுப் பிணம். ரிட்டயரானவருக்குத்தான் ஒரே வழக்கை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்க முடிகிறது. அப்புறம் இன்னொன்று, சாட்சிகளுக்கும்தானே வயதாகிறது. இருபது வயதில் யாருக்கோ பயந்து வாயைத் திறக்காத பெண், அந்த ஆள் செத்துப்போனபின் எழுபது வயதில் பேசலாம், பேசுவதற்குத் தன் வயதில் ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தால் இன்னும் சுலபம். இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

2023 ஜனவரி 13, உயிரோடு இருந்திருந்தால் ஜோசப்புக்கு எழுபது வயது நிறைந்திருக்கும். அன்றைக்கு ஐவி ஹில்லில், 'அமெரிக்காவின் அடையாளம் தெரியாத குழந்தை' என்றிருந்த கல்லறையில் அவன் பெயரோடு புதுக் கல்லைத் திறந்து வைத்தார்கள். கொன்றது யார் என்று இன்னும் தெரியவில்லை. ஃபைலை மூடவும் இல்லை.