லேயர்ப் பூட்டு யாருக்கு? - வாசகர் கேள்வி பதில்

இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் பின்னணிப் படம் கை பட்டாலே நகருதே, அண்ணை? (மல்லாவி)
படத்தைத் தெரிவுசெய்து கண்ட்ரோல்+2. ஆனால் கண்ட்ரோல்+ஆல்ட்+2 அழுத்தினால் அப்படிப் பூட்டியதெல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிடும். அதனால் பின்னணிக்குத் தனி லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) போட்டு, லேயரையே பூட்டுங்கள்.

லேயர் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (பெயர், ஊர் இல்லை)
எந்த மென்பொருள்? எந்த வெர்ஷன்? குறி சொல்வது என் தொழில் இல்லை.

வேறு பைலில் இருந்து ஒட்டினால் எல்லாம் ஒரே லேயரில் வந்து விழுகிறது. (பரந்தன்)
இலஸ்ட்ரேட்டர் என்றால் லேயர்ஸ் பலகத்தின் மெனுவில் 'பேஸ்ட் ரிமெம்பர்ஸ் லேயர்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். வெவ்வேறு லேயரில் உள்ளவற்றைக் குரூப் பண்ணினாலும் எல்லாம் மேல் லேயருக்கு ஏறிவிடும், கவனம்.

போன வருடம் கொரல் ட்ரோவில் செய்த நினைவஞ்சலிப் பதாகை. '1ம் ஆண்டு' என்பதை '2ம் ஆண்டு' ஆக்க வேண்டும். எழுத்தெல்லாம் கேர்வாக, அதாவது தட்டச்சில் திருத்த முடியாத வெறும் கோட்டு வடிவமாகக் கிடக்கிறது. (புதுக்குடியிருப்பு)
இந்தக் கடிதம் ஊர் மாறி ஊர் மாறி வந்துகொண்டே இருக்கிறது. இந்த முறை தப்பிக்க வழி உண்டு: பதாகையில் இறந்த திகதி இருக்கும், அந்த வருடத்தில் உள்ள '2' ஐப் பிரதி எடுத்து, அளவைச் சரிசெய்து '1' இருந்த இடத்தில் வையுங்கள். ஆனால் இடையில் ஒரு பேரப்பிள்ளை பிறந்து, அந்தப் பெயரையும் சேர்க்கச் சொன்னால்? எந்த போன்ட் என்றே தெரியாமல் வேறொன்றில் அடிப்பீர்கள். பத்தடிப் பதாகையில் அந்த ஒரு பெயர் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டுக்காரர் சும்மா விடுவார்களா?

அச்சகத்தில் பாமினி என்ற தமிழ் போன்ட் இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அதனால் கேர்வ் ஆக்கத்தான் வேண்டும். சரி, ஆக்குங்கள். ஆனால் கண்ட்ரோல்+கியூ அழுத்துமுன் எழுத்தை எல்லாம் இன்னொரு லேயருக்குப் பிரதி எடுங்கள். அதற்கு 'மூல எழுத்து' என்று பெயர் வையுங்கள். 'லேயர் 1', 'லேயர் 2' என்றே விட்டால் அடுத்த வருடம் உங்களுக்கே விளங்காது. பிறகு அந்த லேயரின் கண் அடையாளத்தை அணைத்து (திரையில் தெரியாது), பிரின்டர் அடையாளத்தையும் அணைத்து (அச்சில் வராது), பூட்டுங்கள். கண்ட்ரோல்+ஏ கொடுத்தாலும் அந்த லேயர் அகப்படாது. போன்ட்டின் பெயரையும் அதிலேயே ஒரு வரியாக எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அச்சகத்துக்குப் போகும் பிரதியில் மட்டும் அந்த லேயரை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பைலைத் திறந்ததும் போன்ட் இல்லை என்று அங்கே கத்தும். மூலப் பைல் உங்களிடம், கேர்வ் பைல் அச்சகத்திடம். இரண்டும் ஒன்றில்லை.

லேயர்களைப் பூட்டிக் கொடுத்தால் வாடிக்கையாளர் என் டிசைனை எடுக்க முடியாதுதானே? (முள்ளியவளை)
முடியும். இரண்டு கிளிக் போதும். பூட்டு உங்கள் கைக்குத்தான், அடுத்தவர் கைக்கு இல்லை. காட்டுவதற்கு ஒரு சின்ன ஜேபெக் அனுப்புங்கள். காசு வந்த பிறகு பைலைப் பற்றிப் பேசலாம்.

இங்க்ஸ்கேப்பில் லேயர் பலகத்தைக் காணவில்லை. (மாங்குளம், பாடசாலை மாணவி)
கண்ட்ரோல்+ஷிப்ட்+எல், தங்கச்சி. 1.2 வெர்ஷனில் இருந்து லேயரும் பொருட்களும் ஒரே பலகத்தில்தான். கொரல் பழக்கத்தில் எழுத்தைக் கேர்வ் ஆக்கக் கண்ட்ரோல்+கியூ அழுத்திவிடாதீர்கள். இங்கே அது மென்பொருளையே மூடும் கட்டளை. கண்ட்ரோல்+ஷிப்ட்+சி தான் வேண்டியது. அதற்கும் முன்னால், பிரதி.