குதிரையின் முடியைச் சோதித்தால் தாதுச்சத்துக் குறைபாடு தெரிந்துவிடுமா?

காசு கட்டிச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சில விஷங்கள் தெரியும். கால்சியமும் பாஸ்பரஸும் தெரியாது. நம் ஊர்த் தீவனத்தில் குதிரைக்கு வில்லங்கம் வருவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை வாங்கி, சென்னைக்குத் தெற்கே கடலோரம் உத்தண்டிப் பக்கம் கொட்டகை போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் திடீரென்று நடை கெட்டது. ஒரு வாரம் முன்னங்கால் நொண்டும், அடுத்த வாரம் பின்னங்கால். காயமும் இல்லை, வீக்கமும் இல்லை. தீவனத்தைப் பாதி மென்று கீழே துப்பியது. யாரோ முடிப் பரிசோதனை என்று சொல்ல, பிடரிக்கு அடியில் தோலை ஒட்டி ஒரு கொத்து கத்தரித்து, காகித உறையில் போட்டு வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். கலர் கலராகக் கோடு போட்டு அறிக்கை வந்தது. கால்சியம் மிக அதிகம், சோடியம் அதிகம் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கும் ஒரு பொடிக்கு விளம்பரம்.

கால்சியம்தான் எக்கச்சக்கமாக இருக்கிறதே என்று, கொடுத்துக்கொண்டிருந்த தாது உப்புக் கலவையையும் நிறுத்தினேன். நான் செய்த முட்டாள்தனம் அதுதான்.

அப்புறம் வந்த கால்நடை மருத்துவர் அறிக்கையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாளியை எடுத்துட்டு வாங்க பாய்" என்றார். பாய் எங்கள் குதிரைக்காரர், முப்பது வருஷ அனுபவம். கோதுமைத் தவிடும் வேகவைத்த கொள்ளும் வெல்ல வாசனையோடு வாளியில் ஆவி பறந்தது.

"தவிடு எவ்ளோ போடுறீங்க?"

"வேளைக்கு ரெண்டு கிலோ சார். வயிறு சுத்தமா இருக்கும்."

மருத்துவர் குதிரையின் கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். என் விரலையும் வைத்துக் காட்டினார். கூராக இருக்க வேண்டிய விளிம்பு, மெழுகு உருகினாற்போல் மழுங்கித் தடித்திருந்தது. அழுத்தினால் தலையை உதறியது.

கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைப் போல எட்டு, பத்து மடங்கு பாஸ்பரஸ். குதிரைக்கு வேண்டியதோ நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரையிலிருந்து இரண்டு பங்கு. போதாக்குறைக்கு நான் போட்ட பசும்புல் கம்பு நேப்பியர். அதிலுள்ள ஆக்சலேட் என்ற வேதிப்பொருள், இருக்கிற கால்சியத்தையும் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. பால்காரர் நல்ல புல் என்றால் அது மாட்டுக்கு நல்ல புல்.

இரத்தம் எடுத்தாலும் கால்சியம் சரியாகத்தான் காட்டும். குறைய ஆரம்பித்ததுமே உடம்பு எலும்பிலிருந்து உருவி இரத்தத்தில் சேர்த்துவிடும். எலும்பு போன இடத்தில் நார் வளர்வதுதான் அந்தக் கன்ன வீக்கம். அதனால்தான் மருத்துவர்கள் சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு போகிறது என்று பார்க்கிறார்கள்.

சரி, முடியில் மட்டும் கால்சியம் எப்படி அவ்வளவு? எங்கள் போர் தண்ணீர் அப்படி. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாக ஏடு படியும். அதே தண்ணீரில்தான் தினமும் குதிரையைக் குளிப்பாட்டினோம். காய்ந்த பிடரியைத் தேய்த்தால் விரலில் மாவு போல ஒட்டும். சோடியத்துக்கு வியர்வையும் கடற்காற்றும் போதும். ஆய்வுக்கூடத்தில் கழுவித்தான் சோதிக்கிறார்கள், ஆனால் கழுவும்போது வெளியே ஒட்டியது முழுசாகப் போவதில்லை, உள்ளே இருந்தது கொஞ்சம் போய்விடுகிறது. முடியின் நிறம், பருவம், எந்த இடத்து முடி, எல்லாமே எண்ணை மாற்றும்.

முடிப் பரிசோதனை வீண் என்று சொல்லமாட்டேன். ஈயம், ஆர்சனிக், பாதரசம், அளவு மீறிய செலினியம் இவையெல்லாம் முடியில் பதிந்து தங்கும். வால் முடி மாதம் ஏறக்குறைய 2 செ.மீ. வளர்வதால் எப்போது உள்ளே போனது என்றுகூடக் கணக்குப் போடலாம். 1932-ல் கலிபோர்னியாவில் திடீரென்று செத்த பார் லாப் என்ற பந்தயக் குதிரையின் பிடரி முடியை எழுபது வருஷத்துக்கு மேல் கழித்துச் சோதித்து, சாவதற்குச் சற்று முன் பெரிய அளவில் ஆர்சனிக் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பஞ்சாபில் செலினியம் மிகுந்த மண் இருக்கிற ஹோஷியார்பூர் பக்கத்துக் குதிரைக்குப் பிடரி கொட்டி, குளம்பு வெடித்தால் முடியை அனுப்புவதில் அர்த்தம் உண்டு.

உங்கள் குதிரைக்கு அந்த மாதிரிச் சந்தேகம் இல்லையென்றால் முடியை விடுங்கள். ஒரு தராசு வாங்கி, ஒரு நாளைக்கு உள்ளே போகிற ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுங்கள். தீவன மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தத் தாளோடு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனால் பேச ஏதாவது இருக்கும்.

எங்கள் வாளியில் தவிடு போய், குதிரைமசால் என்ற பசுந்தீவனமும் சுண்ணாம்புக்கல் தூளும் வந்தன. நொண்டல் நிற்க ஏழெட்டு மாதம் ஆனது. கன்னத்துத் தடிப்பு முழுசாக இறங்கவில்லை. பாய்க்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பிடி தவிடு தூவுகிறார். மருத்துவரிடம் போட்டுக்கொடுத்தேன். "ஒரு பிடிதானே, விடுங்க" என்றார்.