எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. கல்ச்சரில் மட்டும் கிருமி. எத்தனை நாள் மாத்திரை?

கேள்வி: எனக்கு 46 வயது. அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தி 14 மாதம் ஆகிறது. மாதாந்திரப் பரிசோதனையில் யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஈ கோலை கிருமி ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்தது. தொந்தரவு எதுவும் இல்லை, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தக் கிரியேட்டினினும் மாறவில்லை. ஊரில் பார்த்த டாக்டர் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதினார். வாங்கிவிட்டேன், இன்னும் தொடங்கவில்லை. பத்து நாள் போதுமா, பதினான்கு நாள் வேண்டுமா?

பதில்: நல்லவேளை, தொடங்கும் முன் கேட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு ஒரு நாள் மாத்திரைகூடத் தேவைப்படாது.

'மாற்றுச் சிறுநீரகம் ஆயிற்றே, கிருமியை விட்டுவைக்கலாமா?' என்ற பயம் எனக்குப் புரிகிறது. நாங்களும் பல வருடம் அந்தப் பயத்தில்தான் மருந்து கொடுத்தோம். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் உங்களைப் போலவே அறிகுறி இல்லாத 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வெளியானது. ஒரு வருடத்துக்குள் எரிச்சல், காய்ச்சலோடு நோய்த்தொற்று வந்தவர்கள் மருந்து எடுத்த பக்கம் 27 சதவீதம், எடுக்காத பக்கம் 31. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மருந்து எடுத்தவர்களிடம் அடுத்து வளர்ந்த கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக இருப்பது கூடியது. எனக்கு அதுதான் கவலை. நாளை உண்மையிலேயே காய்ச்சல் வரும்போது மாத்திரைக்குக் கிருமி கட்டுப்படாமல், ஊசிக்காகவே வார்டில் படுக்க வேண்டி வரும். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் தாண்டியவர்களுக்கு இப்படி மருந்து வேண்டாம் என்றே சொல்கிறது.

முதல் மாதத்தில் இருப்பவர்கள், அறுவை சிகிச்சையில் சிறுநீர்க் குழாயில் வைத்த ஸ்டென்ட் என்ற சிறு குழலை இன்னும் எடுக்காதவர்கள், கர்ப்பிணிகள் கதை வேறு. அவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.

சரி, அறிகுறி வந்தால்? நீர்க்கடுப்பு, அடிக்கடி அவசரம் என்று சிறுநீர்ப்பையோடு நின்றால் 5 முதல் 7 நாள். முதல் ஆறு மாதத்துக்குள் என்றால் 7 முதல் 10. குளிர்காய்ச்சல் வந்தாலோ, புதுச் சிறுநீரகத்தில் வலி எடுத்தாலோ பொதுவாக 14 நாள். சீக்கிரம் தேறியவர்களுக்குச் சிலர் அதற்கு முன்பே நிறுத்துகிறார்கள். உள்ளே சீழ் கட்டியிருந்தால் இன்னும் நீளும். புதுச் சிறுநீரகத்தின் வலி முதுகில் வராது. தையல் தழும்பு இருக்கும் அடிவயிற்றுப் பக்கம் கையை வைத்து அழுத்திப் பாருங்கள், அங்கேதான் வலிக்கும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் லேசாகவே காட்டும் என்பதால் 100.4 டிகிரி தொட்டாலே அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கிரியேட்டினின் ஏறினாலும் அப்படித்தான்.

இன்னொன்று, எந்த ஆன்டிபயாட்டிக் என்பதும் முக்கியம். கிளாரித்ரோமைசின் போன்றவை புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். மாற்று அறுவை சிகிச்சை செய்த குழுவுக்குத் தெரியாமல் எந்த மாத்திரையும் வேண்டாம். நோய்த்தடுப்புக்காக தினமும் கோ-ட்ரைமாக்சசோல் கொடுத்திருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நாளை காலை சிறுநீரக மாற்று சிகிச்சை கிளினிக்குக்குப் போன் செய்து, கல்ச்சர் முடிவையும் வாங்கிய மாத்திரையின் பெயரையும் சொல்லுங்கள். மறுபடி கல்ச்சர் கேட்டால், நன்றாகக் கழுவிக்கொண்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, உடனே லேபில் கொடுங்கள். அந்தப் பத்து நாள் மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்க முடிகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.