விலை 42 லட்சம், பார்க்கிங் மூன்றரை லட்சம்: வரி எவ்வளவு?

கேள்வி: மண்ணிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்திருக்கிறோம். எங்கள் குடும்பத்துக்கு இதுதான் முதல் வீடு. கார்ப்பெட் ஏரியா 640 சதுர அடி. விலை 42 லட்சம், கார் பார்க்கிங் தனியாக மூன்றரை லட்சம். 'ஜி.எஸ்.டி. ஒரு சதவீதம்தான், மத்திய அரசு மானியமும் உண்டு' என்று விளம்பரத்தில் இருந்தது. நேரில் போனால் 5 சதவீதம் என்கிறார்கள். மானியத்தைப் பற்றிக் கேட்டால் 'பேங்கில் கேளுங்க மேடம்' என்கிறார்கள். எது சரி?
- வாசகி, பெருங்களத்தூர்

பதில்: நேரில் சொல்லும் 5 சதவீதக் கணக்கு சரிதான். விளம்பரம் பார்க்கிங்கைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

ஒரு சதவீத வரிக்கு இரண்டு வரம்புகள் உண்டு. சென்னை போன்ற பெருநகரங்களில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வெளிச்சுவர் நீங்கலாக வீட்டுக்குள் புழங்கும் பரப்பு, 60 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது சுமார் 645 சதுர அடி. மொத்தத் தொகையும் 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதலாவதில் உங்கள் வீடு தப்பிவிட்டது. இரண்டாவதில்தான் சிக்கல். மொத்தத் தொகை என்பது வீட்டு விலை மட்டும் அல்ல. பார்க்கிங், வளர்ச்சிக் கட்டணம், நல்ல பக்கம் பார்த்த வீடு என்று கூடுதலாக வாங்குவது எல்லாம் அதில் சேரும். உங்கள் கணக்கு 45.5 லட்சம். அதற்கு 5 சதவீதம் 2,27,500 ரூபாய். பார்க்கிங் இல்லாமல் 42 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் வெறும் 42,000. ஆக, மூன்றரை லட்ச ரூபாய் பார்க்கிங் உங்களுக்கு உண்மையில் ஐந்தேகால் லட்சத்துக்கு மேல் விழுகிறது.

அந்த பார்க்கிங் எங்கே என்று முதலில் பாருங்கள். திறந்தவெளியில் என்றால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது பொதுப் பகுதி. பில்டர் அதைத் தனியாக விற்க முடியாது. கூரையுள்ள இடம் என்றால் பேரம் பேசுங்கள். மொத்தத்தில் 50 ஆயிரம் குறைத்து 45 லட்சத்தில் நிறுத்தினாலே வரி 45,000 ஆகிவிடும். அவருக்கு நஷ்டம் 50 ஆயிரம், உங்களுக்கு மிச்சம் அதையும் சேர்த்து இரண்டே கால் லட்சத்துக்கு மேல். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால் பல பில்டர்கள் இறங்கி வருவார்கள். 'பார்க்கிங்கை மட்டும் கேஷாகக் கொடுத்துடுங்க' என்று யோசனை வந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

மானியம் கிடைக்காது. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0-வின் வட்டி மானியத்துக்கு வீட்டு விலை 35 லட்சத்துக்குள்ளும், கடன் 25 லட்சத்துக்குள்ளும், குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அப்படியும் அதிகபட்சம் 1.80 லட்சம்தான், அதுவும் ஐந்து தவணைகளில். பதிவுச் செலவில் நீங்கள் தப்பித்தீர்கள்: 2023 டிசம்பர் முதல் புதிய ஃப்ளாட்டுகளுக்கு நிலத்தின் பிரிபடாத பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்த மதிப்பு 50 லட்சம் வரை என்றால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 6 சதவீதம்.

விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் கொடுக்காதீர்கள். 'புக்கிங் ரசீது போதும்' என்பது சட்டத்தில் இல்லாத பேச்சு.

கேள்வி: அரக்கோணம் பக்கம் மனை பார்க்கிறேன். 'இதெல்லாம் இப்போ சி.எம்.டி.ஏ. லிமிட் சார், மூன்றாவது மாஸ்டர் பிளான் வந்துட்டா விலை மூணு மடங்கு' என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் லிமிட் விரிந்தது உண்மை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக்கி 2022-ல் அரசாணை வந்தது. அரக்கோணம் பக்கமும் அதில் அடக்கம். எல்லைக்குள் இருப்பது வேறு, அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி இருப்பது வேறு. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளானில் இப்போதுள்ள இரண்டாவது 2008-ல் நடைமுறைக்கு வந்து, 2026 வரைக்கும் பார்த்துப் போட்டது. அது பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்கு மட்டுமே. மூன்றாவது 2027 முதல் 2046 வரைக்கானது. அந்த வரைபடத்தில் உங்கள் சர்வே எண் குடியிருப்புப் பகுதியாகவும் வரலாம், விவசாயப் பகுதியாகவே நிற்கவும் செய்யலாம். சாலை உங்கள் மனைக்கு முன்னால் வரும் என்று ஏஜென்ட் சொல்லலாம். மனையின் ஊடாகவும் வரலாமே.

எனவே நாளைய திட்டத்துக்கு இன்று காசு கொடுக்காதீர்கள். லேஅவுட் அனுமதி எண்ணையும் ரெரா பதிவு எண்ணையும் கேளுங்கள்; 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் ரெரா பதிவு கட்டாயம். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அனுமதி ஆகாது. அனுமதி இல்லாத மனையைப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவை விதிவிலக்கு. அவற்றிலும் லேஅவுட்டுக்கு ஒன்று, மனைக்கு ஒன்று என இரண்டு வரன்முறை ஆணைகளும் (அனுமதியில்லாததை முறைப்படுத்தும் ஆணைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுத்துவிடலாம், ஏஜென்ட் தரும் ஜெராக்ஸ் வேண்டாம்.

கேள்வி: பெரிய கேட்டட் கம்யூனிட்டிகளில் ஏழைகளுக்கு 10 சதவீத இடம் என்கிறார்களே, நான் போய்க் கேட்கலாமா? ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம்.
- வாசகர், வியாசர்பாடி

பதில்: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்கு அப்படி ஒரு விதி உண்டு. ஆனால் பில்டரிடம் போய்க் கேட்டு வாங்கும் உரிமையாக அது இல்லை. ஏழைகளின் வீட்டு வசதிக்கென்று பெரிய கட்டடங்களிடம் வசூலிக்கும் ஷெல்டர் கட்டணம் ஒரு நிதியாகச் சேர்கிறது, அவ்வளவுதான். ஏழைகளின் வீடு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊர் விளிம்புக்கே போனதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நீங்கள் போக வேண்டிய இடம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடிசை மாற்று வாரியம்தான். வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்த வீடு இல்லை என்றால் விண்ணப்பிக்கலாம். பயனாளி பங்குத்தொகையை வாரியத்தின் பெயரில் மட்டும் கட்டுங்கள். 'ஒதுக்கீடு வாங்கித் தருகிறேன்' என்று வருபவரிடம் ஒரு ரூபாயும் வேண்டாம்.